இறங்கும் வளையம்

வளையம் விழுந்ததைக் குகதாசன் பார்க்கவில்லை, கேட்டார். இலைக்குவியலுக்குள் ஏதோ சின்னப் பிராணி பதுங்கியதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். இடுப்பைத் தடவிப் பார்த்தார். கத்தி இருக்கிறது, கொளுக்கிகள் இருக்கின்றன, வில் பக்கத்துக் கிளையில் தொங்குகிறது, அது மட்டும் இல்லை. எட்டு வடிவில் செய்த, உள்ளங்கையளவு அலுமினிய வளையம். கயிற்றை அதற்குள் கோத்து, கீழே தொங்கும் பக்கத்தைக் கையால் இறுக்கியும் தளர்த்தியும் விட்டால் ஆள் மெல்ல மெல்ல வழுகி நிலத்துக்கு வந்துவிடலாம். அது இல்லாவிட்டால் கயிறு இருந்தும் இல்லாத மாதிரி. குனிந்து பார்த்தார். இரண்டு மாடி உயரத்துக்குக் கீழே மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளும் பழுப்புமாகக் குவிந்து கிடந்தன; அதற்குள் எங்கேயோ அது கிடக்கிறது. முதலில் வந்தது பயமில்லை. இதுவும் போச்சு என்ற ஒரு சலிப்பு மட்டுமே. தொடைகளைச் சுற்றிய பட்டி அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது, அடிமரத்தைச் சுற்றிய இன்னொரு பட்டி அவரை மரத்தோடு பிணைத்திருந்தது, கால்கள் பட்டையில் ஊன்றியிருந்தன. விழமாட்டார். ஆனால் இறங்கவும் மாட்டார். கூப்பிட ஒரேயொரு ஆள் இந்தக் காட்டில் இருக்கிறான், ஓடைக்கு அந்தப் பக்கம், இன்னொரு மரத்தில். அவனோடு காலையிலிருந்து ஒரு சொல் பேசவில்லை.

யோகநேசன், குகதாசனின் மனைவி சுகிர்தாவின் தம்பி. இருபது வருடமாக இருவரும் ஒன்றாக மான்வேட்டைக்கு வருகிறார்கள், ரொறொன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் வடக்கே, குகதாசனோடு தொழிற்சாலையில் வேலைசெய்த றொன் என்பவரின் காணிக்கு. ஒவ்வொரு முறையும் நேசன்தான் வண்டி ஓட்டுவான், ஒவ்வொரு முறையும் அவன்தான் கதை சொல்லுவான், குகதாசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு வருவார். இன்றைக்கு அவன் கதையே சொல்லவில்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு, இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி வந்த இடத்தில், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான். "அத்தான், ஆரபி வீட்டை விட்டு வந்திட்டாள்." எந்த வீட்டை என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. மகளுக்குக் கலியாணமாகி இரண்டு வருடம். "எங்க நிக்கிறாள்?" "எங்கட வீட்டிலதான். ஒரு கிழமையாகுது." "உன்ரை அக்காவுக்குத் தெரியுமோ?" "தெரியும்." வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தெழும்பியது. பின்னால் கயிற்றுப் பைகள் குலுங்கின. "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" நேசன் அடுத்த பள்ளத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பினான். "பயந்திட்டாள், அத்தான்." "ஆருக்கு? அவனுக்கோ?" "உங்களுக்கு" என்றான் நேசன்.

உங்களுக்கு. அந்தச் சொல்லோடுதான் அவர் வண்டியிலிருந்து இறங்கினார், அதோடுதான் கயிற்றுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேசனுக்குக் காத்திராமல் நடந்தார். பை வழக்கத்தைவிடப் பாரமாக இருந்ததா, அல்லது தோள்தான் நோகத் தயாராக இருந்ததா. மற்ற வருடங்களில் இருவரும் ஓடைவரைக்கும் சேர்ந்து போய், ஒருவர் முடிச்சை மற்றவர் பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் பிரிவார்கள். றொன் முன்னொருமுறை இதே காட்டில் ஏணி சரிந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்தபிறகு நேசன் போட்ட சட்டம் அது. ஏணியை விட்டுக் கயிற்றுக்கு மாறியதும் அன்றைக்குத்தான். இன்று ஒருவரும் ஒருவருடைய முடிச்சையும் பார்க்கவில்லை. உங்களுக்கு. மரத்தடியில் நின்று, மெல்லிய நூலின் நுனியில் கட்டிய ஈயப்பையைக் கவைக்கிளையைப் பார்த்து எறிந்தார். தவறியது. உங்களுக்கு. திரும்ப எறிந்தார். தவறியது. நான் என்ன அவளை அடித்தேனா, ஒருநாளாவது. பள்ளிக்கூடத்தில் எடுத்த குறைந்த புள்ளியைக் காட்டினபோதுகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற நேரம் வீட்டில் ஒருவரும் மூச்சுவிடுவதில்லை என்பது இப்போது, நூலைத் திரும்பச் சுருட்டுகிறபோது, ஏன் ஞாபகம் வரவேண்டும். ஈயப்பை கடைசியில் கவைக்குமேலால் போய் மறுபக்கம் இறங்கியது. நூலின் வாலில் கயிற்றைக் கட்டி மேலே இழுத்து, சுருக்குப் போட்டு இறுக்கி, பட்டியில் ஏறி உட்கார்ந்து, பற்கள் வைத்த கைப்பிடிகளை ஒன்றன்பின் ஒன்றாக மேலே தள்ளித் தள்ளி ஏறினார். ஏறும்போது கோபம் நல்ல துணை. ஐம்பத்தாறு வயதுக்கு அது வேகமான ஏற்றம்.

மேலே வந்து, வில்லைச் சிறுகயிற்றால் இழுத்தெடுத்துக் கிளையில் மாட்டி, மூச்சு அடங்கும்வரை மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். பட்டை குளிர்ந்திருந்தது, மழைநாளைய வாசம் அதில் மிச்சமிருந்தது. இறங்கும் வளையத்தை இப்போதே எடுத்து முன்கொளுக்கியில் மாட்டிவிட்டால் இருட்டுப்படுகிறபோது தேடவேண்டியதில்லை என்று அதை இடுப்பிலிருந்து கழற்றினார். அந்த நேரம்தான் வயிற்றில் அந்த நோவு இல்லை என்பது தெரிந்தது. வைகாசியிலிருந்து நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு நோவு, உள்ளே யாரோ விரலை மடித்துக் குத்தி வைத்திருப்பதுபோல. டொக்டர் வாயுவென்று சொல்லிக் குளிசை தந்திருந்தார். சாப்பிட்டாலும் நோகும், சாப்பிடாவிட்டாலும் நோகும், விடிய எழும்பினால் அவருக்கு முன்னாலேயே எழும்பிக் காத்துக்கொண்டிருக்கும். அது இல்லை. கையை வைத்துப் பார்த்தார். அந்தக் கையில்தான் வளையம் இருந்தது. இலைக்குள் சத்தம் கேட்டது.

இப்படி யாராவது கேட்டிருப்பார்களா, மகளின் கலியாணம் முறிந்த சேதி வந்த அன்று ஒரு தகப்பனுக்கு வயிற்றுநோ சுகமானது என்று. வெளியே சொல்லக்கூடிய விஷயமா. அவர் தன்னையே சந்தேகத்தோடு சோதித்துப் பார்த்தார், சட்டைப்பையில் இருக்கிற காசு தன்னுடையதுதானா என்று பார்க்கிறவர் மாதிரி. துக்கம் எங்கே? மண்டபத்தில் நானூறு பேர் பார்க்க மருமகன் ஜனகன் தாலி கட்டினது, சுகிர்தா பச்சைச் சேலையில் அழுதது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து நினைத்துப் பார்த்தார், அழுகை வருமென்று. வரவில்லை. வந்தது வைகாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளும் மருமகனும் சாப்பிட வந்திருந்தார்கள். ஆரபியின் போன் மேசையில் கிடந்தது. ஜனகன் வெளியே வண்டியில் எதையோ எடுக்கப் போனவன் அங்கிருந்து அவளுக்குப் போன் எடுத்தான். ஒருமுறை மணியடித்து இரண்டாவது முறை அடிப்பதற்குள் அவள் கையிலிருந்த சோற்றோடு எழும்பிவிட்டாள். எழும்பின வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. "என்ன பிள்ளை?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை அப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவர் வாயு என்று எண்ணிக் குளிசை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். காலமையும் மத்தியானமும் ராவும். பிறகு அவள் மெலிந்தாள். பிறகு வருவதைக் குறைத்தாள். பிறகு ஒருநாள் தாயோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள், பின்னால் அவன் குரல் கேட்டதும் வேறு பெண்ணின் குரலில் பேசத் தொடங்கினாள், ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏதோ நடக்கப்போகிறது, ஒருநாள் விடிய போன் வரும், யாரோ தெரியாத ஆங்கிலக் குரல் தன் பெயரைப் பிழையாக உச்சரித்துக் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அதைத் தனக்கே சொல்லவில்லை. இன்று போன் வந்தாயிற்று. வந்தது நேசனின் குரலில், வண்டிக்குள். அவள் ஒரு கிழமையாக நேசன் வீட்டில் இருக்கிறாள். இருக்கிறாள். அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தார். காலையில் வண்டியில் அவர் கேட்டது மற்றச் சொல்லை மட்டும்தான்.

ஆனால் மற்றச் சொல்லும் போகவில்லை. உங்களுக்கு. பிள்ளை அப்படிப் பயப்படவேண்டிய ஒரு தகப்பனை அவருக்குத் தெரியும். ஊரில், கொக்குவிலில் ஒரு மத்தியானம், அவருடைய அக்கா தவமலர் கையில் ஒரு பையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள், கலியாணமாகி ஏழெட்டு மாதத்தில். அவர்களின் தகப்பன், ஐயா, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கைகழுவி, சைக்கிளை வெளியே எடுத்தார். உள்ளறையில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த குகதாசனுக்குச் சைக்கிளின் நிறுத்துகால் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. அக்கா பின்னால் ஏறினாள். அன்று பின்னேரம் ஐயா தனியாகத் திரும்பி வந்தார். அதைப் பற்றி அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. அக்கா இப்போது கிளிநொச்சியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். எப்போது போன் எடுத்தாலும் "நான் சுகமாயிருக்கிறன் தம்பி" என்பாள், கேட்பதற்கு முன்னாலேயே. ஆரபிக்கு இந்தக் கதை தெரியாது. ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாமலே எப்படிப் பயந்தாள். நான் சைக்கிளை வெளியே எடுப்பேன் என்று எப்படி நினைத்தாள். எடுத்திருப்பேனா. அவர் அந்த இடத்தில் நின்றார், அதாவது தொங்கினார். ஒரு கிழமைக்கு முன்னால் அவள் நேரே வீட்டுக்கு வந்து மணியை அடித்திருந்தால், மருமகனுக்குப் போன் எடுத்து, என்ன தம்பி பிரச்சினை, ரெண்டு பேரும் இருந்து கதையுங்கோ என்று சொல்லியிருப்பேனா. இல்லை என்று உடனே சொல்ல வந்தது. உடனே வந்ததாலேயே அதை நம்பமுடியாமல் இருந்தது. சொல்லியிருக்கலாம். அவள் வராமல் விட்டதால் அந்தச் சோதனையிலிருந்து அவரைத் தப்பவைத்துவிட்டாள். அதற்கும் ஒரு ஆறுதல் வந்தது, வெட்கத்தோடு கலந்து, எது எதுவென்று பிரிக்கமுடியாமல்.

கீழே அசைவு. ஒரு பெட்டைமான், ஓடைப்பக்கத்திலிருந்து, ஒவ்வொரு காலாக யோசித்து வைத்து வந்தது. கை தானாக வில்லுக்குப் போய்த் திரும்பியது. பெட்டைக்கான அனுமதி இந்த வருடம் குலுக்கலில் இருவருக்கும் விழவில்லை. அது நேரே மரத்தடிக்கு வந்து இலைகளை மோந்தது. ஓரிடத்தில் மூக்கை நிறுத்தித் தும்மியது. அங்கேதான் கிடக்கிறது, என்று குகதாசன் நினைத்தார், அந்த இடத்தைக் கண்ணால் குறித்துவைத்தார், அந்தக் கறுத்த வேருக்குப் பக்கத்தில். மான் போனபிறகு குளிர் வந்தது. அதுவரை எங்கேயோ நின்றதுபோல ஒரேயடியாக வந்தது. வெயில் மரநுனிகளுக்கு ஏறிவிட்டது. வலதுகாலில் தொடைக்குக் கீழே உணர்வு இல்லை. கையால் குத்தினால் வேறு யாருடையதோ கால்மாதிரி இருந்தது. பட்டியில் அதிகநேரம் அசையாமல் தொங்கினால் இரத்தம் கீழேயே நின்றுவிடும், ஆள் மயங்கிப் போகலாம் என்று கயிறு விற்ற பெடியன் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது சிரித்திருந்தார். இப்போது முதல்தடவையாகப் பயம் முகத்தைக் காட்டியது. கைப்பிடிகளாலேயே இறங்கிப் பார்ப்போம். அவை மேலே மட்டும் போகச் செய்தவை; கீழே கொண்டுவர ஒவ்வொரு முறையும் உடம்பின் பாரத்தைத் தூக்கி, பல்லைக் கட்டைவிரலால் விலக்கவேண்டும். பாரத்தை அவற்றுக்கு மாற்றி, அடிமரத்துப் பட்டியைக் கழற்றினார். முதலாவதை விலக்கினார், ஒரு சாண் இறங்கினார். பரவாயில்லை. இரண்டாவதை விலக்கியபோது மரத்த விரல் வழுகியது, அது திறந்தபடியே நின்றது, உடம்பு ஒரு முழம் சடாரென்று கீழே போய் மற்றதில் இடறி நின்றது. தோள் மரத்தில் மோதியது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஆரபி ஒரு கிழமையாகப் பத்திரமாக இருக்கிறாள், நான் இந்த மரத்தில் செத்துப்போனால் அவள் என்ன நினைப்பாள். சேதியைக் கேட்டுவிட்டுப் போய்த்தான் விழுந்தார் என்று நினைப்பாள். சாகும்வரைக்கும் அப்படியே நினைப்பாள். அதை நினைத்த கணமே மற்ற எல்லாம், காலையில் யார் யாருக்குச் சொன்னது, யார் யாருக்கு ஒளித்தது, எல்லாம் ஒன்றுக்குமாகாத சின்ன விஷயங்களாகிவிட்டன. பட்டியைத் திரும்ப மரத்தில் சுற்றிக் கொளுவினார். மேற்சட்டைப் பையிலிருந்து வோக்கிடோக்கியை எடுத்தார். காலையில் மரத்தடியில் வைத்து அவரே நிறுத்தி வைத்தது. திருகினார். இரைந்தது.

"நேசன்."

பதில் உடனே வந்தது, காதில் வைத்துக்கொண்டே இருந்தவன்போல. "சொல்லுங்கோ அத்தான்."

"நான் இறங்கேலாமல் நிக்கிறன். இறங்கிற வளையம் கீழ விழுந்திட்டுது."

"பட்டி கட்டியிருக்கிறியளோ?"

"ஓம்."

"அப்பிடியே நில்லுங்கோ. காலை ஆட்டிக்கொண்டு நில்லுங்கோ. நான் வாறன்."

காலை ஆட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் ஊஞ்சலில் ஆட்டுகிறமாதிரி, முன்னும் பின்னும். ஊசி ஊசியாக உணர்வு திரும்பி வந்தது, நோவோடு, அந்த நோ நல்லதாக இருந்தது. கண்கள் ஓடைப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவன் வருகிறான் என்று தெரிந்து காத்திருப்பதற்கும் சும்மா தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று யோசித்தார். உயரம் அதேதான், குளிர் அதேதான். அவள் அன்றைக்கு மாமாவின் வீட்டு மணியை அடித்துவிட்டு, உள்ளே வெளிச்சம் போடுகிறவரை நின்ற நேரம் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் கூப்பிட்டது தன்னை இல்லை என்பதில் காலையில் குத்தியது இப்போது அவ்வளவு குத்தவில்லை. கூப்பிட்டாளே. அக்காவுக்குக் கூப்பிட வேறொருவரும் இருக்கவில்லை.

தலைவிளக்கின் வெளிச்சம் மரங்களுக்கிடையே ஆடி ஆடி வந்தது. நேசன் ஓடிவந்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது. அண்ணாந்து பார்த்தான். கேலி செய்வான் என்று எதிர்பார்த்தார். செய்யவில்லை.

"கறுத்த வேருக்குப் பக்கத்தில பார்" என்றார் மேலேயிருந்து.

நேசன் முழங்காலில் இருந்து இலைகளை அள்ளி அள்ளிப் போட்டான். எடுத்துக் காட்டினான். வில் ஏற்றும் சிறுகயிற்றைக் குகதாசன் கீழே விட்டார், அவன் அதில் வளையத்தைக் கட்டினான், "இழுங்கோ" என்றான். இவ்வளவுதான் வேலை. கீழே ஒரு ஆள் நின்றால் போதுமாயிருந்தது.

"கயிற்றை ரெண்டுதரம் சுத்திப் போடுங்கோ. கொளுக்கியைப் பூட்டினீங்களோ? திருகிப் பாருங்கோ. இப்ப பட்டியைக் கழட்டுங்கோ. நான் இஞ்ச அடியில கயிற்றைப் பிடிச்சிருக்கிறன், நீங்கள் விட்டாலும் நான் இழுத்தால் நிக்கும்."

இறங்கினார். வளையத்துக்குள்ளால் கயிறு இளஞ்சூடாக ஓடியது. பட்டை, ஒரு முடிச்சு, ஒரு பாசித்திட்டு, பட்டை, எல்லாம் முகத்துக்கு முன்னால் மேலே போயின. கால் இலையில் பட்டது. நேசன் கக்கத்துக்குள் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டான். மரத்தோடு சாய்ந்து இருத்தினான். இருவரும் அப்படியே இலைக்குள் இருந்தார்கள்.

"அடிச்சவனோ?" என்று கேட்டார் குகதாசன்.

"நான் கேக்கேல்லை. அவளும் சொல்லேல்லை." நேசன் தலைவிளக்கை அணைத்தான். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. "வந்த அண்டு பின்னேரம் படுத்தவள், அத்தான். அடுத்த நாள் மத்தியானம்தான் எழும்பினவள். என்ரை மனுசி ரெண்டுதரம் போய் மூச்சு வருதோ எண்டு பாத்தவள். இப்ப எந்த நாளும் நித்திரைதான். எழும்புறாள், சாப்பிடுறாள், திரும்பப் படுக்கிறாள்."

"எனக்கு ஆறுதலாக் கிடக்குது, நேசன்." சொல்லிவிட்டு அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "காலமையே அப்பிடித்தான் இருந்திருக்குது. எனக்கு விளங்கேல்லை. பிழையோ இது?"

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது" என்றான் நேசன். "எங்கட அக்காவுக்கும் அப்பிடித்தான். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லாமல் வெக்கப்பட்டுக்கொண்டு இருக்கிறம்."

கயிற்றை நேசன்தான் இழுத்து இறக்கினான், அவன்தான் சுருட்டிப் பையில் போட்டான். குகதாசன் எடுக்கப் போனபோது விடவில்லை, இரண்டு பையையும் தன் தோளிலேயே போட்டுக்கொண்டான். அவர் வெறுங்கையோடு பின்னால் நடந்தார். நடக்க நடக்கச் சொல்லவேண்டியவற்றை அடுக்கினார். பிள்ளை, உன்ரை அப்பா உன்னை ஒருநாளும். இல்லை. பிள்ளை, நடந்ததைப் பற்றி நீ. இல்லை. உனக்கு ஒரு அத்தை இருக்கிறா, அவவைப் பற்றி. அதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் போனில் இல்லை. எல்லா வசனமும் பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தன. வண்டிக்கு வந்து, சூடு பிடித்து, மண்பாதை தாண்டி மேட்டுக்கு ஏறியபோது போனில் இணைப்பு வந்தது. நேசன் கேட்காமலே வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"மாமா?" என்றாள் ஆரபி. நேசனின் போனில்தான் எடுத்திருந்தார்.

"அப்பா."

அந்தப் பக்கம் அவள் கட்டிலில் எழும்பி உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, மெல்ல, "மாமா சொல்லிட்டாரோ?"

"சொல்லிட்டான்." அடுக்கினது ஒன்றும் கிட்டவில்லை. "நான் இண்டைக்கு மரத்தில மாட்டுப்பட்டுப் போனன், பிள்ளை."

"என்ன?"

"ஏறிட்டன். இறங்கத் தெரியேல்லை. வளையத்தைக் கீழ விழுத்திப்போட்டு வௌவால்மாதிரித் தொங்கிக்கொண்டு நிண்டனான். ஒரு மான் வந்து அதை மணந்து பாத்துத் தும்மிப்போட்டுப் போனது. கடைசியில உன்ரை கொம்மான் வந்துதான் இறக்கினவன்."

அவள் சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு நிறுத்தமுடியாமல், மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தாள். நேசனும் இந்தப் பக்கம் சிரிக்கத் தொடங்கினான். எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது என்று குகதாசனால் பிடிக்கமுடியவில்லை. அழாதே என்று சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் விட்டார். போனைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தார். வைப்பர் ஒருமுறை தானாக ஓடி நின்றது. ஒரு லொறி எதிரே வந்து வெளிச்சத்தை உள்ளே வீசிவிட்டுப் போனது. அவள் அழுது முடியும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்கள் அங்கதான் வாறம்" என்றார் பிறகு. "அம்மாவையும் வரச்சொல்லுறன். வந்து சேர நேரமாகும். நித்திரை வந்தால் நீ படு. நான் எழுப்பமாட்டன்."

"சரி அப்பா" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. நேசன் வண்டியை மெதுவாக வீதிக்கு எடுத்தான். நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்த பிறகும் போன் அவர் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் அவள் குசினியில் எதையோ எடுத்து வைக்கிற சத்தமும், தண்ணீர் ஓடுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.